கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

என் குரலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் கன்வேயர் பெல்ட்டைத்தான் கைகாட்டுவேன். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடும் அந்தப் பெல்ட்டின் பக்கத்தில் நின்று, இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். வீட்டில் "உப்பு எடு" என்றால்கூட அது அடுத்த பிளாக் வரைக்கும் போகும். நெய்வேலி குவார்ட்டர்ஸ்களை நல்ல இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், ஆனால் என்னை மனதில் வைத்துக் கட்டவில்லை. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, எதிர்வீட்டுக்காரி உப்பை எடுத்துக்கிட்டு வந்துரப் போறா" என்பாள் என் மனைவி.

இந்தக் குரலால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, விழாக்களில் உறுதிமொழி வாசிக்கும் வேலை. சம்பளம் கிடையாது. முடிந்ததும் ஒரு சமோசா, ஒரு மைசூர்பாகு.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் உண்டு. பாதுகாப்புக்கு ஒரு வாரம், நேர்மைக்கு ஒரு வாரம். தூய்மைக்கு மட்டும் இரண்டு வாரம். நேர்மை கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருக்கிறது. எந்த வாரமானாலும் முதல் நாள் காலையில் எல்லோரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, வலது கையை முன்னால் நீட்டச் சொல்வார்கள். நான் ஒலிபெருக்கியில் ஒரு துண்டு வாசிப்பேன். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அடுத்த துண்டு. ஒருமுறை எல்லாம் முடிந்து, "இப்போது கையைக் கீழே இறக்கலாம்" என்றேன். முன்வரிசை, "இப்போது கையைக் கீழே இறக்கலாம்" என்று கணீரென்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றது. அன்றைக்கே எனக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே மைசூர்பாகைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் பைகளுக்கு வரும் புத்தாண்டிலிருந்து தடை என்று அரசு அறிவித்திருந்த வருஷம் அது. எங்கே திரும்பினாலும் கடல் என்றே பேச்சு. கடலில் பிளாஸ்டிக், மீன் வயிற்றில் பிளாஸ்டிக், இனி ஒரு துண்டுகூடக் கடலுக்குப் போகாது என்று மேடைக்கு மேடை வாக்குறுதி. விழா ஏற்பாடு செய்யும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "சார், கடல் உறுதிமொழி ஒண்ணு இருக்கு, நீங்கதான்" என்றார்.

"நமக்கு ஏதுங்க சார் கடல்? நம்மகிட்ட இருக்குறது பள்ளம்தானே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேலிடத்திலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பொதுவாகச் சிரிப்பதில்லை.

உண்மையில் தவறு என்னுடையதுதான். நெய்வேலியிலிருந்து கடலுக்குப் போக வடலூர், குள்ளஞ்சாவடி வழியாக பஸ்ஸில் தூங்கி வழிய வேண்டும் என்று நமக்குத்தான் கணக்கு. தண்ணீர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. சுரங்கம் மூழ்காமலிருக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்து வெளியே விடுகிறார்கள். எங்கள் பிளாக்குகளின் மழைநீர்க் கால்வாயும் அந்தத் தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு, வயல்களைத் தாண்டி, பெருமாள் ஏரிக்குள் நுழைந்து, பரவனாற்றில் இறங்கி, கடலூரில் கடலைத் தொட்டுவிடுகிறது. ஆக, எங்கள் வாசலில் விழுகிற ஒரு ஷாம்பூ பாக்கெட் எங்களை விடச் சுலபமாகக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்.

இதைக் கண்டுபிடித்த யாரோ ஒரு புத்திசாலி, குப்பையைக் கடலில் தேடுவதைவிட வழியிலேயே மறிக்கலாம் என்று யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான், நான் அதைக் குறைசொல்லவில்லை. டவுன்ஷிப் எல்லைச் சுவருக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகும் பக்கத்தில், கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அதன் வாயில் இரும்புக் கம்பிவலை பொருத்தினார்கள். பந்தல், ரிப்பன், பச்சைத் தொப்பி. முக்கியப் பிரமுகர் ஒருவர் காரில் வந்தார். நான் வாசித்தேன், எல்லோரும் கை நீட்டி, கடலையும் கடல்வாழ் உயிர்களையும் கண்ணெனக் காப்பதாகச் சொன்னார்கள். பிறகு அந்தக் கம்பிவலை, எங்கள் எல்லோரையும் போலில்லாமல், சொன்ன வேலையைச் செய்ய ஆரம்பித்தது. வந்த குப்பையை எல்லாம் பிடித்தது. பிடித்துப் பிடித்து வைத்துக்கொண்டது. அதை அங்கிருந்து யார் எடுப்பது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாலத்தை ஒட்டி ஒரு டீக்கடை. பின்னாலேயே அதை நடத்தும் அம்மாவின் வீடு. அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவளைப் பெற்றவர்கள் காலமெல்லாம் பிறர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அவள் டீ ஆற்றுகிறாள், காலையில் இட்லியும் உண்டு. அவள் வீட்டுக்காரருக்கு நிலக்கரி யார்டில் கான்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்ட் முடிந்ததும் நான் அங்கேதான் இறங்குவேன். வீட்டில் டீ இல்லாமல் இல்லை. அங்கே என் நகைச்சுவைக்குச் சிரிக்க ஆள் இருந்தது.

அந்த ஐப்பசியில், முதல் கனமழைக்கு அடுத்த நாள் போனபோது சிரிக்க ஆளில்லை. அடுப்பு பெஞ்சின் மேல் இருந்தது. பாத்திரங்கள் அடுப்பின் மேல். அவள் முறத்தால் சேறு வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க பிளாக்குத் தண்ணிதாங்க சார். வழக்கமா இப்படியே போய்கினு இருக்கும். இப்ப கம்பியில குப்பை அடைச்சிகினு போவ வழியில்லாம எங்க வூட்டுக்குள்ள பூந்துடிச்சி. விருந்தாளியாட்டம் ராத்திரி தங்கிட்டு, இப்பத்தான் வடிஞ்சிகினு இருக்குது."

வீட்டுக்காரர் கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் கவர்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கம்பிய நாலு தட்டு தட்டிப் புடுங்கிட்டா செத்த நேரத்துல எல்லாம் வடிஞ்சிடும் சார்" என்றார்.

"புடுங்கு, நல்லாப் புடுங்கு!" என்றாள் அவள். "கவர்மெண்டு சொத்துல கைய வச்சான்னு எவனாச்சும் போட்டுக் குடுக்கட்டும். கேட் பாஸப் புடுங்கிகினு வூட்ல உக்கார வெச்சிடுவாங்க. அதுக்கும் வூடு வேணுமில்ல?"

என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். முன்பக்கம் செங்கல். பின்சுவர் மண். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, கை வைத்த இடத்தில் மண் பெயர்ந்து வந்தது. "இந்தத் தபா நின்னுடிச்சி. இன்னொரு வருசம் இப்படி ஊறிச்சினா உக்காந்துடும் சார். கட்டுறதுக்கு எங்கள்ட்ட ஒண்ணுமில்ல. இந்தச் சுவரு போச்சின்னா நாங்களும் போவ வேண்டியதுதான்."

நான் பெர்மனென்ட் ஆள். பேசத் தெரிந்தவன் என்ற நினைப்பு வேறு. "பார்த்துக்கலாம்மா, விடுங்க" என்றேன். இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் பதவியில் இருக்கிறவர்கள் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டால் தேவலை.

பார்த்தேன். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, வார விடுமுறைகளில், ஒவ்வொரு ஆபீஸாகப் பார்த்தேன். ஓர் இடத்தில், கால்வாய் எல்லைச் சுவருக்கு வெளியே வந்துவிட்டதால் தங்களுடையது இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், பாலம் தங்களுடையது, ஆனால் பாலத்தின் மேல்பக்கம் மட்டும்தான் என்றார்கள். மூன்றாவது இடத்தில் கொஞ்சம் மரியாதையாக நாற்காலி போட்டு, "இது கடல் திட்டம் சார், கடலூர்ல கேளுங்க" என்றார்கள். கடலூரில் ஒருவர் சன்னல் பக்கம் கை நீட்டி, "எங்களுக்குக் கடற்கரை மட்டும்தான். நீங்க நெய்வேலின்றீங்க" என்றார், நாங்கள் ஏதோ கடலைத் திருடிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டதுபோல. திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார்: "கடைசியில யாரு சார் அள்ளுவாங்க?" நான் தூங்குவதுபோல் பாவனை செய்தேன். எனக்குத் தெரிந்த நடிப்பு அவ்வளவுதான். குறட்டை மட்டும் நன்றாக விட்டேன்.

புத்தாண்டு பிறந்தது, தடை வந்தது. கொஞ்ச நாள் உண்மையாகவே நடந்தது, அதை மறுக்கக் கூடாது. இட்லி வாழை இலைக்குத் திரும்பியது. கறிக்கடைக்காரர் எங்கள் வீட்டுச் சாம்பார் வாளியில் கோழியைப் போட்டுக் கொடுத்தார். நான் மஞ்சள் பை மாட்டிக்கொண்டு மார்க்கெட் போனேன், எல்லோரும் என்னைக் கல்யாணத்துக்குப் போய்வந்தவனாக நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருநாள் கடைக்காரர் என் காதோரமாக, "கவர் வேணுங்களா சார்? உள்ள இருக்கு" என்று சாராயம் விற்பதுபோலக் கேட்டார். அடுத்த மாதம் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார். அதற்கடுத்த மாதம் கேட்காமலே போட்டுக் கொடுத்தார்.

மழைக்காலம் நெருங்கியபோது அதிகாரி மறுபடி அழைத்தார். திட்டத்துக்கு ஓராண்டு நிறைவு விழா. அதே பாலம், அதே பந்தல். வரப்போகிறவர் போன வருஷத்தவரைவிடப் பெரியவர். கம்பிவலையில் அப்போது ஆளுயரத்துக்குக் குப்பை. விழாவுக்காக அதை அள்ளுவார்கள் என்று நம்பினேன். அதன் முன்னால் பச்சைத் துணி கட்டினார்கள்.

உறுதிமொழி நேரம் வந்தது. எதிரே பிரமுகர், அதிகாரிகள், ஆசிரியர்கள், எல்லோரும் கை நீட்டி நிற்கிறார்கள். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று டீக்கடைப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தது. கடைசி வரி முடிந்தது. கை இறங்கவில்லை, நான் இறக்கச் சொல்லவில்லையே. அந்த நீட்டிய கைகளைப் பார்த்தபோது எனக்குள் பழைய குறும்பு கிளம்பியது. அல்லது அலுப்பா, தெரியவில்லை. காகிதத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டு வாசித்தேன்:

"இந்தப் பாலத்தின் கம்பிவலையில்..."

"இந்தப் பாலத்தின் கம்பிவலையில்" என்றது கூட்டம்.

"சேரும் குப்பையை மழைக்கு மழை..."

"சேரும் குப்பையை மழைக்கு மழை."

"நானே முன்னின்று அள்ளுவேன் என்றும்..."

அள்ளுவதாகச் சொன்னார்கள். பிரமுகரின் உதடுகளையே பார்த்தேன். என்னைவிட உணர்ச்சியோடு சொன்னார்.

"யாருடைய பின்சுவரும் விழ விடமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்."

அதையும் சொன்னார்கள். பின்சுவர் எங்கிருந்து வந்தது என்று ஒரு புருவமாவது உயரும் என்று காத்திருந்தேன். கை தட்டினார்கள்.

அன்று முழுவதும் மெமோ வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மெமோ வராதா என்று ஏங்கினேன். அதிகாரி எதிர்ப்பட்டு, "நல்லா இருந்தது சார். கொஞ்சம் நீளம்" என்றார். அவ்வளவுதான். நேருக்கு நேர் நின்று இத்தனை பேரைச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் தெரியாது. மனைவியிடம் சொன்னேன். "அப்போ உங்களை மாதிரித்தான் அவங்களும். நான் சொல்றதுக்கும் நீங்க சரி சரின்னுதானே சொல்றீங்க" என்றாள்.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். விழாவுக்கு மறுநாளே டீயை என் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏங்க சார், எப்ப அள்ளப் போறீங்க?"

"எதைம்மா?"

"நேத்து சொன்னீங்களே! மைக்குல! எங்க வூட்டுப் பின்சுவரு வரைக்கும் சொன்னீங்களே. நான் அடுப்ப அணைச்சிட்டு வந்து நின்னு கேட்டேன்."

"அது நான் மட்டும் சொல்லலம்மா. அங்க நின்ன எல்லாரும் சொன்னாங்க. ரொம்பப் பெரியவங்க எல்லாம் சொன்னாங்க."

"அவங்கல்லாம் கார்ல ஏறிப் போய்ட்டாங்க" என்றாள். "நீங்கதான் நாளைக்கும் டீ குடிக்க வருவீங்க."

வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குச் சாதகமாக ஒன்றுமில்லை.

ஆக, அரசாங்கத்தின் கடல் திட்டத்தில் கடைசியாக நியமனமான ஆள் நான். முதல் மழை மேகம் கூடிய அன்று, தோட்டத்தில் சருகு வாரும் பல்வாரியைத் தூக்கிக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினேன். வீட்டுக்காரர் ஏற்கெனவே இறங்கியிருந்தார். ரோட்டில் போன என் ஷிப்ட்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன, ரிட்டையர் ஆறதுக்குள்ள கான்ட்ராக்ட் எடுத்துட்டீங்களா?" என்றார். "பிடிங்களேன் ஒரு கை" என்றேன். ஸ்கூட்டர் போய்விட்டது.

என்னென்னவோ வந்தது. கல்யாண வீட்டுத் தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள், தெர்மோகோல், கண்ணில்லாத பொம்மை. ஒரு பால் கவரைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் கத்தரிக்கோல் தேடச் சோம்பல்பட்டு நான் பால் கவரைப் பல்லால் கடித்துத் திறப்பது வழக்கம். என் முன்பல் ஒன்று கோணல். அந்தக் கோணல் அப்படியே கவரின் மூலையில் இருந்தது. இத்தனைக்கும் ஒழுங்காகத் தொட்டியில்தான் போடுவோம். தொட்டியை மாடு கவிழ்க்கும், மீதியை மழை பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் காட்டலாமா என்று யோசித்து, மற்றதோடு சேர்த்துப் போட்டேன்.

அள்ளியதைச் சாக்குகளில் கட்டி, என் டிவிஎஸ் வண்டியில் வைத்து, டவுன்ஷிப் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனேன். டவுன்ஷிப் நுழைவு வளைவில் காவலுக்கு நின்ற பையன் மறித்தான்.

"வெளிக் குப்பைய உள்ள எடுத்துப் போவக்கூடாதுங்க சார்."

"தம்பி, இது உள்ளேருந்து போன குப்பைதான். வீடு திரும்புது."

"அப்ப போறப்பவே நிறுத்தியிருப்பனே?" என்றான்.

நியாயமான கேள்வி. வண்டியைத் திருப்பினேன்.

இனி சாக்குகளை எங்கே வைப்பது? பாலத்துக்கு இந்தப் பக்கம் அவள் வீடு. ரோட்டோரம் வைத்தால் மாடு. மிச்சம் இருந்தது கம்பிவலையைத் தாண்டி எதிர்க்கரையிலிருந்த மேடு. அங்கேதான் யாருக்கும் தொந்தரவில்லை. சாக்கு தீர்ந்ததும் மீதியை அப்படியே அந்த மேட்டில் குவித்தோம். இருட்டுவதற்குள் தண்ணீர் கம்பிகளுக்கு நடுவே சலசலவென்று ஓடத் தொடங்கியது. அவள் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாள். எனக்கு மட்டும் ஒரு வடை, அதுவும் கேட்காமலே. பல வருஷ மைசூர்பாகுகள் ஒரு பக்கம், அந்த வடை ஒரு பக்கம்.

பிறகு மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் ஷிப்டில் பெல்ட் அருகே நின்றபடி அந்தச் சுவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட காலையில் ஓடினேன். அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "சுவரு நிக்குதுங்க சார். வூட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல." வீட்டுக்காரர் மட்டும் பாலத்தில் நின்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன்.

மேடு கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. சாக்குகள் இல்லை. குவியல் இல்லை. கால்வாய் கரைதொட்டு ஓடி, எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு போயிருந்தது. ஏரிக்கு, ஆற்றுக்கு.

"வலை புடிச்சி வச்சிருந்தத நாமளே தூக்கி அந்தாண்ட வச்சி அனுப்பிட்டமே சார்" என்றார் அவர், மெதுவாக.

எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. வராத நாட்கள் என் கணக்கில் ரொம்பக் குறைவு.

அடுத்த வாரம் ஜீப்பில் ஒரு குழு வந்தது. கம்பிவலையைப் பார்த்தார்கள். பளிச்சென்று இருந்தது. முன்னாலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். "ஒரு கவர்கூட இல்லையே, பொதுமக்கள் நல்லா ஒத்துழைச்சிருக்காங்க" என்றார் ஒருவர். திட்டம் வெற்றி, இதேபோல் மற்ற கால்வாய்களிலும் வைக்கப்போகிறோம் என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். டீக்கடை அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். சொன்னால் என்ன ஆகும்? மேட்டில் குப்பை வைக்கக் கூடாது என்று பலகை வைப்பார்கள். அள்ள ஆள் வைக்கமாட்டார்கள். அப்புறம் அவள் சுவர்? வாயை மூடிக்கொண்டேன். என் குரலை நானே அடக்கியதை என் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அள்ளினோம். சாக்குகளை அவள் கூரையோரம் அடுக்கினோம், இடம் இருந்த வரைக்கும். அதற்கு மேல் எதிர்க்கரைதான். சுவர் நின்றது.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மனைவியோடு கடலூர் போனேன். துறைமுகத்தில் வஞ்சிரம் வாங்கி, தூக்குவாளியில் போட்டாயிற்று. வெயில் இன்னும் ஏறவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே கடல்ல கால் நனைச்சுட்டுப் போவமா?" என்றாள்.

"வேண்டாம் வா."

"ஏன்?"

"கால்வாய் வழியா நமக்குத் தெரிஞ்சவங்க நிறைய அங்க வந்திருப்பாங்க" என்றேன், முடிந்த அளவு மெதுவாக.